ஒரு கோட்டிங் போதும்

மேஜைமேல் கிடந்த துணியை உருவி எறிந்துவிட்டு ஐசக் இரண்டு லேப்டாப்புகளையும் அருகருகே வைத்தார். ஜன்னலை முழுசாகத் திறக்கச் சொன்னார். டேனரியில் தோலைத் தரம் பிரிக்கிற செலக்‌ஷன் மேஜையை எப்போதும் வடக்கு வெளிச்சத்தில்தான் போட்டிருப்பார்கள். உண்ணிக்கடி, முள் கீறல், உரிக்கும்போது கத்தி பட்ட தழும்பு எல்லாம் அந்த வெளிச்சத்தில் தப்பாமல் தெரியும். இருபத்தேழு வருஷம் அந்த மேஜையில் நின்றவர் அவர். வீட்டு ஜன்னல் மேற்கே பார்த்தது. அதைத் திறந்ததும் வெளிச்சத்துக்கு முன்னால் சாக்கடை நாற்றம் உள்ளே வந்தது.

முதலில் கறுப்பு லேப்டாப். மூடியைப் புறங்கையால் தடவினார். கட்டைவிரலால் அழுத்தினார். ஓரத்தில் பிளாஸ்டிக் உடைந்து போயிருந்த இடத்தில் நகத்தை விட்டு நெம்பினார். குனிந்து முகர்ந்தும் பார்த்தார்.

"இது தேர்ட் கிரேடு" என்றார். "பாஷாவுக்கு இதக் குடுத்துர்லாம். வெள்ள நம்மகிட்ட இருக்கட்டும்."

"ஏம்ப்பா, அது இன்னா ஆட்டுத்தோலா, தடவிப் பாக்கறதுக்கு?" என்றாள் ஜெமி.

"எதுவா இருந்தா இன்னா. மேல பாத்தா உள்ள தெரியும்."

"தெரியாது. அந்த வெள்ள இருக்குது பாரு, அரை மணி நேரம் ஓடும். அப்புறம் சூடாயி நின்னுடும். பேட்டரியும் செத்துப்போச்சி. ஒயர்ல சொருகினாத்தான் எரியும். கறுப்பு அசிங்கமா கீது, ஆனா பன்னெண்டு மணி நேரம் நிக்காம ஓடுது. நான் வேல செய்யறது அதுலதான்."

ஐசக் காதில் போட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. அவர் வெள்ளை லேப்டாப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

வெள்ளை லேப்டாப் மஸ்கட்டிலிருந்து அவருடைய மச்சான் அனுப்பியது. சாவிகளில் இங்கிலீஷ் எழுத்துக்குப் பக்கத்தில் அரபி எழுத்தும் இருக்கும். இரண்டு வருஷம் அவர் மகன் அபினேஷ் அதை வைத்திருந்தான். படிப்புக் கடனில் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு மெட்ராஸ் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனபோது பழையதை வீட்டில் போட்டுவிட்டுப் போய்விட்டான். மூடி முழுக்க ஸ்டிக்கர் ஒட்டிக் கிழித்த பசை. நடுவில் காம்பஸால் எதையோ எழுதி, பிறகு யாருக்கும் புரியக்கூடாது என்று அதன்மேலேயே கிறுக்கிய ஆழமான கோடுகள். ஆனால் எங்கேயும் உடைசல் கிடையாது.

கறுப்பு ஜெமியுடையது. ஷூ கம்பெனியில் இரண்டு வருஷம் பேஸ்டிங் லைனில் நின்று, தோலை ஒட்டுகிற சொல்யூஷன் வாடையில் தினமும் தலைவலியோடு வீடு திரும்பி, சாப்பிட்டதை வாந்தி எடுத்து, அப்படி மிச்சம் பிடித்ததில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. அமெரிக்க டாக்டர்கள் வாய்க்குள்ளேயே பேசி அனுப்புவதைக் கேட்டு டைப் அடித்துத் தரும் வேலை. வேலூரில் இருக்கிற கம்பெனிக்காரன் காலால் அமுக்குகிற ஒரு பெடல் கொடுத்திருந்தான். அந்த பெடலுக்கான சாஃப்ட்வேரை ஒரு மெஷினில்தான் போடலாம். மெஷின் போனால் வேலை போச்சு. வேலை போனால் திரும்பவும் ஷூ கம்பெனி பஸ், பாத்ரூம் போக லைன் லீடரிடம் டோக்கன், அந்த சொல்யூஷன். அதை நினைத்தாலே அவளுக்கு நாக்கின் அடியில் எச்சில் ஊறும், வாந்திக்கு முன்னால் ஊறுமே அந்த மாதிரி.

பொன்மலர் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்து வாசலில் செருப்பை உதறிக்கொண்டிருந்தாள். நர்ஸுக்கு உதவியாள் வேலை. காலையிலிருந்து பெட்பேன் கழுவிய கையை வீட்டுக் குழாயில் இன்னொரு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"இன்னா, ரெண்டு பேரும் தோல் பிரிக்கிறீங்களா?"

"பாஷாவுக்கு எதக் குடுக்கறதுன்னு உம் பொண்ணு தகராறு பண்றா."

"நல்லாக் கீறதக் குடுங்க" என்றாள் பொன்மலர். "உங்களுக்காக அந்த ஆளு சுண்ணாம்புல நிக்கிறாரு."

அந்தப் பேச்சு வந்தால் ஐசக்குக்குக் கழுத்து அரிக்கும். சொறிந்துகொண்டார்.

நடந்தது இதுதான். போன அக்டோபரில் ஜெர்மன்காரனுக்குப் போகவேண்டிய காபி பிரவுன் தோல், ஒரு பெரிய லாட். பேக்கிங்குக்கு முன்னால் வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்கவேண்டும். துணியில் சாயம் ஒட்டினால் தோல் திரும்ப ஃபினிஷிங்குக்குப் போகும். இதற்கு ரப் டெஸ்ட் என்று பெயர். அதைச் செய்து கையெழுத்துப் போடவேண்டியவர் ஐசக். அன்றைக்கு சனிக்கிழமை, சபைக் கமிட்டித் தேர்தல். மூன்று மணிக்கே கிளம்பவேண்டும் என்று ஒரு தோலைக்கூடத் தேய்க்காமல் அத்தனை சீட்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். தேர்தலில் ஜெயித்தார். ஜெர்மனியில் யாரோ ஒருத்தியின் வெள்ளைக் காலுறை காபி பிரவுன் ஆனது. மொத்த லாட்டும் திரும்பி வந்தது.

முதலாளி முன்னால் ஸ்ப்ரே பூத் மஹபூப் பாஷா தலையைக் குனிந்து நின்று, சாயத்தைத் தோலில் பிடிக்கவைக்கிற பைண்டரைக் கம்மியாகக் கலந்துவிட்டேன் என்று ஒத்துக்கொண்டார். அப்படிச் சொல்லச் சொல்லி முந்தின நாள் டீக்கடையில் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சியது ஐசக். "எனக்குன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க பாய். ஒனக்குன்னா செக்‌ஷன் மாத்துவாங்க, அவ்ளோதான். மூணு மாசத்துல திரும்ப ஸ்ப்ரேக்குக் கூட்டியாந்துர்றேன். ஒம் பொண்ணு காலேஜ் சேரும்போது லேப்டாப் என் பொறுப்பு."

பாஷாவைச் சுண்ணாம்பு டிரம்முக்கு மாற்றினார்கள். முடியோடு வந்த பச்சைத்தோல் சுண்ணாம்பிலும் சல்ஃபைடிலும் ஊறி, கொழகொழவென்று முடி கழன்று வெளியே வரும் இடம். அழுகின முட்டை வாடை. இருபது வருஷம் ஸ்ப்ரே துப்பாக்கி பிடித்த கையில் எட்டு மாசத்தில் நகங்கள் மஞ்சளாகி ஓரம் கரைந்துபோயின. மூன்று மாசம் என்று ஐசக் சொன்னதை அதற்குப் பிறகு இரண்டு பேருமே வாயெடுத்துச் சொல்லவில்லை.

இப்போது பாஷாவின் மகளுக்கு வாணியம்பாடியில் பி.சி.ஏ. சீட் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை அதே ஜெர்மன் கம்பெனி ஆள் டேனரியைப் பார்க்க வருகிறான். அதற்குள் பாஷாவின் வாய்க்கு எதையாவது கொடுத்துவிடவேண்டும் என்பது ஐசக்கின் கணக்கு. இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. "குடுத்த வாக்கு" என்றுதான் சொன்னார். கமிட்டி ஆள் அல்லவா.

"சரி, வெள்ளையே போவட்டும்" என்றார் கடைசியில். அவர் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் ஜெமி சொன்னது எதுவும் கிடையாது. கறுப்பை அதட்டி எடுத்தால் அவள் மாசாமாசம் வீட்டுக்குக் கொடுப்பது நின்றுபோகும். "ஆனா இந்தக் கீறலோட எப்டிக் குடுக்கறது? மானம் போயிடும்."

"கீறல் கெடக்குது. உள்ள இருக்கிற கோளாறச் சொல்லிக் குடு. சர்வீஸ் பண்ணிக்குவாங்க" என்றாள் ஜெமி.

"கோளாறுன்னு சொல்லி யாராவது குடுப்பானா?"

"நீ சொல்லமாட்ட."

"வாய மூடு."

அத்தோடு அவள் மூடிக்கொண்டாள். தன்னுடைய மெஷின் தப்பித்தது. அந்த நிம்மதி அடிவயிறு வரைக்கும் இறங்கியதை அவள் உணர்ந்தாள். அதை உணர்ந்ததும் அவளுக்குத் தன்மேலேயே குமட்டியது. ஆனாலும் உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பெடலில் காலை வைத்தாள். எவனோ ஒரு டாக்டர் எவளோ ஒருத்தியின் பெருங்குடலைப் பற்றிச் சாப்பிட்டுக்கொண்டே பேசினான். அவன் மெல்லுகிற சத்தம் காதுக்குள் கேட்டது.

மறுநாள் ஐசக் வெள்ளை லேப்டாப்பை ஒரு கோணிப்பையில் சுற்றி டேனரிக்கு எடுத்துப் போனார். சாயந்திரம் திரும்பி வந்தபோது அது காபி பிரவுனாக இருந்தது.

மூடி, அடிப்பாகம், ஓரம், எல்லாம். கீறலை மெழுகு வைத்து அடைத்து, தேய்த்து, மேலே நிறம், அதற்குமேல் பளபளவென்று லேக்கர். செகண்ட்ஸ் தோலை ஃபர்ஸ்ட்ஸ் ஆக்குகிற அதே வேலை. ஐசக் அதை மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இப்ப ஸ்ப்ரேல நிக்கிற முனீரு பையன் அடிச்சான். ஒரு கோட்டிங் போதும்னான். நான்தான் ரெண்டு அடிக்கச் சொன்னேன்."

ஜெமி அதைத் திருப்பிப் பார்த்தாள். பக்கவாட்டில் காற்று போகிற சின்னச் சின்னத் துவாரங்கள் எல்லாம் லேக்கரில் அடைத்துக்கொண்டிருந்தன. தோலுக்கு மூச்சு விடவேண்டிய அவசியம் கிடையாது. அதனால் அவர்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை. அவள் ஒரு குண்டூசி எடுத்து ஒவ்வொரு துவாரமாகக் குத்தினாள். நாலு திறந்தது. மற்றதில் ஊசி வளைந்தது. ஒயரைச் சொருகி, ஆன் செய்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். பதினெட்டாவது நிமிஷம் திரை அணைந்தது. அடியில் தொட்டுப் பார்த்தாள். இட்லி குண்டான் மாதிரி சுட்டது.

"ப்பா, முன்ன அரை மணி ஓடிச்சி. இப்ப பதினெட்டு நிமிஷம்."

"பதினெட்டு நிமிஷத்துல எவ்ளோ படிக்கலாம் தெரியுமா?" என்றார் ஐசக். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, மத்தியானம் மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தார். ஜூன் பிறந்தும் வெயில் இறங்கவில்லை. பாலாற்றுப் பக்கமிருந்து வந்த காற்றில் மணல்தான் வந்தது. பைபாஸில், தோலிலிருந்து சீவிய சவ்வுக்கழிவு ஏற்றிப்போன லாரி சிந்திவிட்டுப் போனது ரோட்டில் காய்ந்து, தெருவே கொழுப்பு வாடை அடித்தது. பொன்மலர் ரவா கேசரி கிண்டி, முட்டை போண்டா போட்டிருந்தாள்.

மஹபூப் பாஷா வெள்ளைச் சட்டையில் வந்தார். அத்தர் பூசியிருந்தார். அத்தருக்கு அடியிலிருந்து சுண்ணாம்பு டிரம் வாடை வந்துகொண்டேதான் இருந்தது. ஐசக் நாற்காலியை ஒரு சாண் பின்னால் நகர்த்திக்கொண்டதை ஜெமி பார்த்தாள். பாஷாவும் பார்த்திருப்பார். பின்னால் அவர் மகள் அஃப்ஸர் ஜஹான். ஒல்லியான பெண். தோளில் புத்தம் புது ரெக்சின் பை, விலைச்சீட்டுக் கயிறு இன்னும் ஜிப்பில் தொங்கியது. காலிப் பை. லேப்டாப்புக்காகவே வாங்கியது என்று பார்த்த உடனே தெரிந்தது.

"வாங்க பாய், உக்காருங்க. இன்னா இவ்ளோ வெயில்லயா வர்றது? ஆட்டோ புடிக்கக் கூடாதா?"

"நடந்தே வந்துட்டோம்ண்ணே. இவளுக்கு நேத்து ராத்திரிலேர்ந்து தூக்கம் கெடையாது. பேஜாரு பண்ணிட்டா."

"அப்பா!" என்றாள் அஃப்ஸர் ஜஹான்.

ஐசக் உள்ளேயிருந்து இரண்டு கையாலும் லேப்டாப்பை ஏந்திக்கொண்டு வந்தார். காணிக்கைத் தட்டு எடுத்து வருகிற நடை அது. மேஜைமேல் வைத்தார். பாஷா மேல்மூடியில் கட்டைவிரலை வைத்து மெதுவாக ஒரு இழுப்பு இழுத்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"காபி பிரவுன்" என்றார்.

"ஆமா, இப்ப அந்தக் கலர்தான் வருதாம்."

"ரெண்டு கோட்டிங் வுழுந்துகீது. முனீர் கையா?"

"அய்ய, இல்ல பாய். வேலூர்ல கடையில குடுத்தது."

"அப்டியா." பாஷா சிரித்தார். "அந்தக் கடைக்காரனும் நம்ம லேக்கர்தான் வாங்கறான் போல. ஓரத்துல வழிய வுட்டுட்டான் பாருங்க. இவ்ளோ கிட்ட புடிச்சி அடிக்கக் கூடாது. எத்தினி வாட்டி சொல்லிக் குடுத்தேன்…" என்று நிறுத்தி, "கடைக்காரனுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்களோ" என்றார்.

ஐசக் கழுத்தைச் சொறிந்தார். "டீ எடுத்தா பொன்மலரு."

அஃப்ஸர் ஜஹான் ஒயரைத் தானே சொருகி ஆன் செய்தாள். திரையின் மூலையில் மூன்று பன்னிரண்டு என்று காட்டியது. ஜெமி அதைப் பார்த்தாள். மூன்று முப்பது.

"ஒடனே எரியுது பாத்தியாம்மா? சூப்பர் கண்டிஷன். ஆஃப் பண்ணி பையில வெச்சிக்க" என்றார் ஐசக்.

"கொஞ்ச நேரம் ஓட்டிப் பாக்கறேன் அங்கிள். பழசு வாங்கினா ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாக்கணும்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க."

"வாங்கறது எங்கம்மா? நான் குடுக்கறேன்."

"பாக்கட்டும்ண்ணே" என்றார் பாஷா. போண்டாவை நாலாகப் பிட்டு ஒவ்வொரு துண்டாகத் தின்றார். மஞ்சள் நகம் போண்டாவின் மஞ்சளுக்குள் போய் வந்தது. ஜெமி தன் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"அக்கா, இந்த அரபி எழுத்து நல்லாருக்கு. எங்க ஆயாகிட்ட காட்டினா குரான்னு நெனச்சி முத்தம் குடுப்பாங்க." அந்தப் பெண் ஏதோ டைப் அடித்தாள். தன் பெயர். அழித்துவிட்டு மறுபடியும் தன் பெயர். "நீங்க இதுலதான் வேல செஞ்சீங்களா அக்கா?"

"இல்ல. எனக்கு வேற இருக்குது" என்றாள் ஜெமி.

உள்ளறையில் கறுப்பு லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை அணைக்காமலே வந்திருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. எழுந்துபோய் அதைச் சாத்திவிட்டு வந்தாள்.

மூன்று இருபத்திரண்டு.

"பையில வெச்சிக்கம்மா, மழ வர மாதிரி கீது" என்றார் ஐசக்.

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. பொன்மலர் சமையலறை வாசலில் நின்றபடி, "மழையா!" என்றாள்.

பாஷா டீயைக் கீழே வைத்தார். "அண்ணே, நாளைக்கு ஜெர்மன்காரன் வர்றானாமே."

"ஆமா பாய். அவன் வந்துட்டுப் போவட்டும். செவ்வாக்கெழம மொதலாளிகிட்ட ஒன் விசயத்தப் பேசறேன். திரும்ப ஸ்ப்ரேக்கு."

"செவ்வாக்கெழமயா?"

"நான் இன்னா பொய்யா சொல்றேன்? நாளைக்கு மட்டும் கொஞ்சம் அனுசரிச்சி இரு. அவன் டிரம் பக்கம் வந்து எதுனா கேட்டா…"

"நான் இன்னா சொல்லப் போறேன். எனக்கு ஜெர்மன் தெரியுமா?" பாஷா சிரித்தார். ஐசக் அதைவிட ஜாஸ்தியாகச் சிரித்தார். பாஷா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "எட்டு மாசம் ஆச்சுண்ணே. ராத்திரி சோத்துல கைய வெச்சா எரியுது. ஸ்பூன்ல துன்றேன், வெள்ளக்காரன் மாதிரி."

மூன்று இருபத்தெட்டு. லேப்டாப்புக்குள்ளிருந்து இரைச்சல் ஏறியது. அஃப்ஸர் ஜஹான் உள்ளங்கையை அதன் ஓரத்தில் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள். ஜெமி அந்தக் கையையே பார்த்தாள். இப்போது சொல்லலாம். இது ஓடாது, எடுத்துப் போகாதே என்று ஒரு வார்த்தை. சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று அவளுக்குத் தெரியும். அப்போ உங்ககிட்ட இருக்கிறது? அதற்குப் பதில் சாத்தின கதவுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா தன்னைப் பார்ப்பது தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

திரை அணைந்தது.

"கரண்டு போச்சி" என்றார் ஐசக்.

சட்டென்று, யோசிக்காமல் சொன்னார். அந்த வருஷம் தினமும் இரண்டு மணி நேரம் கரண்டு போய்க்கொண்டுதானிருந்தது. சொல்லிவிட்டு அவரே மேலே பார்த்தார். தலைக்குமேல் ஃபேன் கடகடவென்று முழுவேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

பாஷாவும் நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். பிறகு ஐசக்கைப் பார்த்தார். ஐசக்கின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பாஷா கைகளை மடித்து அக்குளுக்குள் வைத்துக்கொண்டார்.

"ஆமா சார்" என்றார். "கரண்டு போச்சி."

அஃப்ஸர் ஜஹான் தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவள் ஃபேனைப் பார்த்தாள். ஜெமியிடம் திரும்பினாள்.

"போச்சா அக்கா?"

ஜெமி எழுந்தாள். சொல்லிவிடுவாள் என்று பொன்மலர் நினைத்திருக்கவேண்டும், கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள். ஜெமியேகூட அப்படித்தான் நினைத்து எழுந்தாள். நாலு எட்டு வைத்தாள். சுவர் வந்தது. சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தது.

ஃபேன் சுவிட்சை அணைத்தாள்.

இறக்கைகள் மெல்ல ஓய்ந்து தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன. அறைக்குள் லேக்கர் வாடையும், அத்தரும், அதற்கு அடியிலிருந்த வாடையும் அப்படியே இறங்கி நின்றன. ஐசக்கின் கழுத்தில் வேர்வை வழிந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

அஃப்ஸர் ஜஹான் சுவிட்சில் இருந்த ஜெமியின் விரலைப் பார்த்தாள். பிறகு ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி, சுடுகிற லேப்டாப்பைத் துப்பட்டா முனையால் பிடித்துத் தூக்கிப் பைக்குள் இறக்கி, ஜிப்பை இழுத்தாள்.

"எத்தினி மணிக்கு அக்கா வரும்?" என்று கேட்டாள்.

"தெரில" என்றாள் ஜெமி.